கோடு சொன்ன பொய்

மார்ச் 3, செவ்வாய்

படகு இன்றும் சரியாகக் கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் எஞ்சின் அரைச் சுற்று சுற்றி, பின்னுக்கு உதைத்து நிற்கிறது. பத்துக்கு ஒரு தடவை கிளம்புகிறது, அதுவும் இருமிக்கொண்டே. பயணிகள் வேறு படகுக்குப் போய்விட்டார்கள். 18ஆம் தேதி ஆய்வாளர் வருகிறார். ஆளேற்றி அக்கரை போய்த் திரும்பிக் காட்டினால்தான் இந்த வழித்தடம் எங்களுக்கு.

என் வீட்டுக்காரர் கால் ஒடிந்து கட்டிலில்; படகு இப்போது என் பொறுப்பு. இருபது வருடமாக இறங்குகிற அதே படியில் வழுக்கினார். கேட்டால், "படி மாறிடுச்சு" என்கிறார்.

மார்ச் 5, வியாழன்

அண்ணனைக் கூப்பிட்டேன். பஸ் டிப்போ மெக்கானிக். இவரும் அவனும் பேசி ஆறு வருடம். அண்ணன் மகள் கல்யாணத்தில் இவர், "உங்கண்ணன் சைக்கிளுக்குக் காத்தடிக்கத்தான் லாயக்கு" என்று என்னிடம் சொன்னார். பக்கத்தில் மைக் இருந்தது தெரியாதாம்.

"வரேன். வீட்டுக்கு இல்ல. படகுக்கு வரேன்" என்றான்.

மார்ச் 7, சனி

வந்தான். எஞ்சின் மூடியைத் திறந்து பெட்ரோல் வாசனை போகும்வரை காத்திருந்தான். பிறகு சொன்னான்: பொறி சீக்கிரம் விழுகிறது, பிஸ்டன் மேலே வந்து சேருமுன்பே வெடித்து அதைக் கீழே தள்ளுகிறது. பொறியைத் தூண்டுகிற பாயிண்டைப் புதிதாகப் போட்டான். ஒவ்வொரு பொறிக்கும் மினுங்குகிற டைமிங் விளக்கைப் பிடித்தான். விளக்கு மினுங்கும்போது எஞ்சினின் முன்புறப் புல்லியில் வெட்டிய கோடு, பக்கத்து அளவுகோலில் பத்து என்ற எண்ணுக்கு நேரே நிற்க வேண்டும்; பூஜ்யம் என்றால் பிஸ்டன் உச்சி. நிற்கிறது. அப்படியும் உதைக்கிறது.

வீட்டில் இவரிடம் சொன்னேன். "விளக்கைத் தூக்கிப் போடச் சொல்லு. காதால கேட்டு வைக்கச் சொல்லு."

போய் அண்ணனிடம் சொன்னேன். "காது மாட்டுக்கும்தான் இருக்குன்னு சொல்லு."

இவரிடம், "யோசிக்கிறானாம்" என்றேன்.

மார்ச் 8, ஞாயிறு

காயில், வயர், கார்புரேட்டர் எல்லாம் பார்த்தாகிவிட்டது. எல்லாம் நன்றாக இருக்கிறது. எஞ்சின் மட்டும்தான் ஓடவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

அண்ணன் வருமுன் எஞ்சின் எப்படியோ கிளம்பியது; பொறி விழும் நேரத்தை மாற்றுகிற டிஸ்ட்ரிபியூட்டரை நானே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். ஓரிடத்தில் சத்தம் சீரானது. அணைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினால் உடனே கிளம்பியது! அண்ணன் வந்து விளக்கைப் பிடித்தான். கோடு எங்கேயோ நின்றது. "இப்படி ஓட்டினா எஞ்சின் வெந்துடும். கோடு பொய் சொல்லாது" என்று பழையபடி திருப்பி வைத்தான். மறுபடி உதை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். இவர் கட்டிலிலிருந்து, "நான் அப்பவே சொன்னேன்ல" என்கிறார்.

ஆமா, சொன்னீங்க. ரெண்டு பேரும்தான் சொன்னீங்க. நடுவுல நான் என்ன, தபால்காரியா?

மார்ச் 12, வியாழன்

காது சரி என்கிறார் ஒருவர். விளக்கு சரி என்கிறான் ஒருவன். இருவருமே பொய் சொல்கிறவர்கள் இல்லை. அப்படியென்றால் — கோடு?

யாரையும் கேட்கவில்லை. பேட்டரி வயரைக் கழற்றினேன். முதல் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் நீளமான மரக்குச்சியைப் பிஸ்டனில் படும்படி விட்டேன். ஸ்பானரால் எஞ்சினைக் கையால் சுற்றினேன். குச்சி ஏறியது, நின்றது, இறங்கியது. மூன்று முறை. குச்சி உச்சியில் நிற்கும்போது கோடு பூஜ்யத்தில் இருக்க வேண்டும். இரண்டு விரல் தள்ளி இருந்தது.

புல்லி ஒரே துண்டு இல்லை. உள்ளே ஒரு வளையம், வெளியே ஒன்று, நடுவில் ரப்பர். ரப்பர் செத்துப்போய் வெளி வளையம் நழுவியிருக்கிறது, கோட்டோடு சேர்ந்து.

அண்ணனுக்குப் போன் செய்தேன். கோடு நழுவியதைச் சொன்னேன்.

"எவ்வளவு தள்ளி இருக்கு?"

"ரெண்டு விரல்."

"யாரு விரல்?"

"என் விரல்தான்."

"வரேன்."

மார்ச் 14, சனி

பழைய எஞ்சின் ஒன்றிலிருந்து நல்ல புல்லி கழற்றி வந்து மாட்டினான். விளக்கு வைத்துப் பார்த்தான். சாவியைத் தொட்டதும் கிளம்பியது. துணியில் கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"உன் வீட்டுக்காரர் முழிச்சிருப்பாரா?"

கட்டிலருகே வந்து நின்று, "விளக்கு வச்சுப் பார்த்தேன், மாப்ளே. சரியா இருக்கு" என்றான்.

"ஜன்னலைத் திறந்து வச்சுக் கேட்டேன், மச்சான். சரியாத்தான் இருக்கு."

மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. காபி மட்டும் கேட்டார்கள்.

மார்ச் 18, புதன்

ஆய்வாளர் வந்தார். இவர் கட்டையை ஊன்றிக்கொண்டு படித்துறை வரை வந்துவிட்டார். அண்ணன் லீவு போட்டிருந்தான்.

"ஓட்டறது யாரு?" என்றார் ஆய்வாளர்.

இவர் என்னைக் காட்டினார். அண்ணனும் என்னையே காட்டினான். என் லைசென்ஸை எடுத்து நீட்டினேன்.

போய்த் திரும்ப இருபத்திரண்டு நிமிடம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கரையில் இருவரும் எண்ணெய் எப்போது மாற்றுவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னிடம் யாரும் எதுவும் சொல்லி அனுப்பவில்லை. வரிசையில் நின்றவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.