மதியச் சாப்பாட்டுக்குக் கதவைச் சாத்தியவளுக்கு

ஞாயிற்றுக்கிழமை தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது, காய்கறிக் கடை ஒன்றில் பெத்தாய்க் காய் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. கடைக்காரர் ஒன்றைப் பிளந்து யாருக்கோ கொட்டையைக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் பள்ளிக்கூடத்து ஸ்டாஃப் ரூம் ஞாபகத்துக்கு வந்தது. நீ அந்தக் கொட்டையை மிளகாய் விழுதில் வதக்கி, சம்பல் பெத்தாய் கொண்டுவரும் நாட்களில், மைக்ரோவேவைத் திறந்த கையோடு ஜன்னலையும் திறந்துவிடுவாய். "யாரும் கம்ப்ளெய்ன் பண்றதுக்கு முன்னாடி நாமளே திறந்துடணும் லா" என்பாய். நான் காயை வாங்கவில்லை. எனக்கு அது பிடிக்காது என்று உனக்கும் தெரியும். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் உன்னோடு பேசவேண்டும் போலிருந்தது. அதனால் எழுதுகிறேன்.

புக்கிட் பாத்தோக்கில் அந்த உயர்நிலைப் பள்ளிக்கு நான் நூலகராக வந்தபோது, நீ வேதியியல் லேபில் பல வருஷமாக இருந்தாய். கல்யாணமாகித் திருச்சியிலிருந்து இந்த ஊருக்கு வந்து, பிள்ளைகள் வளர்ந்த பிறகு நான் பார்த்த முதல் வேலை அது. என்னை அனுப்பியது வெளி நிறுவனம். பள்ளி ஊழியர்கள் கழுத்தில் போட்டிருந்த அட்டை ஒரு நிறம், என் அட்டை வேறு நிறம். ஸ்டாஃப் ரூமுக்கு வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் யாரும் சொல்லவில்லை. ஒரு வகுப்புக்கு ரீசஸ் முடிந்தால் அடுத்த வகுப்புக்குத் தொடங்கும். அதனால் பின்னறையில், கிழிந்த புத்தகங்களுக்கு நடுவே, ஸ்டூலில் உட்கார்ந்து மடியில் டப்பாவை வைத்துச் சாப்பிடுவேன். காது மட்டும் கவுண்டரில் இருக்கும்.

நீ ஒட்டுகிற டேப் கேட்டு உள்ளே வந்த அன்றைக்கு எனக்கு வாய் நிறையச் சோறு.

"என்னக்கா, இங்க ஒளிஞ்சு சாப்பிடுறீங்க?"

"ஒளியலைம்மா. பிள்ளைங்க வந்தா பார்க்கணும்ல."

"உங்களுக்கு லன்ச் டைம் இல்லையா?"

"இருக்கு. ஆனா நான் ஸ்கூல் ஸ்டாஃப் இல்லையே."

"அதுக்கு? ஸ்கூல் ஸ்டாஃபுக்கு மட்டும்தான் பசிக்குமா? நாளைக்கு எல்லாரும் கிளாஸுக்குப் போனதும் நான் வர்றேன். டோரை லாக் பண்ணிட்டுப் போவோம்."

மறந்துவிடுவாய் என்றுதான் நினைத்தேன். மறுநாள், 'நூலகர் சாப்பிடப் போயிருக்கிறார்' என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதிய தாளோடு வந்து நின்றாய். நேற்று என்னிடம் வாங்கிப்போன டேப்பாலேயே அதைக் கதவில் ஒட்டினாய்.

ஸ்டாஃப் ரூமில் நீ சாப்பிடும் மேசையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஆபீசில் கணக்குப் பார்த்த மேடம் டான். ஓவிய ஆசிரியை சித்தி. வழியில் நீ "சித்தி இப்ப வந்துடுவாங்க" என்றபோது, உன் அம்மாவின் தங்கையும் இங்கேதான் வேலை செய்கிறார் போல என்று நான் நினைத்துக்கொண்டேன். தலையில் தூடோங் முக்காடு கட்டிய மலாய்ப் பெண்மணி வந்து உட்கார்ந்து, அவர் பெயரே அதுதான் என்று தெரிந்ததும் நான் விழித்த விழிப்பை நீ ஒரு மாதம் சொல்லிச் சிரித்தாய்.

அந்த வாரமே துணை முதல்வர் நூலகத்துக்குப் போய், பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு நேரே ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார். யார் பூட்டச் சொன்னது என்று கேட்டார். நான் கையைக்கூடக் கழுவாமல் எழுந்துவிட்டேன். நீ என் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தாய். பிறகு ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாய்: நான்தான் சொன்னேன் சார். ரீசஸ் நேரம் முழுக்க நூலகம் திறந்திருக்கிறது. பிள்ளைகள் வகுப்பில் இருக்கும்போதுதான் சாத்துகிறோம். அவங்களும் சாப்பிடணும்.

அவர் என் டப்பாவைப் பார்த்தார். "அவசரத்துக்கு ஒரு சாவி ஆபீசில் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். அவர் போன பிறகுதான் கவனித்தேன், என் முழங்கையை நீ இன்னும் விடவில்லை.

அதன் பிறகு எனக்கு வேலை சுலபமானது. நூலகத்தில் பெரிய ஓவியப் புத்தகங்கள் இருப்பதே தனக்குத் தெரியாது என்று சித்தி சாப்பிடும்போது சொன்னார். அடுத்த வாரம் வகுப்பையே அழைத்து வந்தார். மேடம் டானின் அம்மாவுக்கு மகளையே அடையாளம் தெரியாமல் போனது, ஆபீசில் யாருக்கும் தெரியாது. அந்த மேசையில் எங்களுக்குத் தெரிந்திருந்தது.

பிறகு உனக்கு உடம்பு முடியாமல் போனது. வயிற்று வலி என்று லீவ் எடுத்தாய், லீவ் நீண்டது, வந்திருப்பது புற்றுநோய் என்று போனில் சொன்னாய். நான் மறுபடியும் பின்னறைக்குப் போய்விட்டேன். உன்கூட வந்தவள் என்றுதானே அங்கே எனக்கு நாற்காலி என்று நினைப்பு. மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டாய்.

"எங்கக்கா சாப்பிடுறீங்க?"

"உள் ரூம்ல."

"ஏன்?"

"நீ இல்லாம எனக்கு அங்க என்ன வேலை?"

"அந்த டேபிளை நானா வாங்கிப் போட்டேன்? சித்தி கேக்குறாங்க, உங்களுக்கு என்ன கோபம்னு. போங்கக்கா. போயிட்டு, அங்க என்ன பேசுனாங்கன்னு எனக்குச் சொல்லுங்க. எனக்கு இங்க ரொம்ப போரிங்கா இருக்கு."

போனேன். மேடம் டான் தன் கைப்பையை நாற்காலியிலிருந்து எடுத்தார். எத்தனை நாளாக அதை அங்கே வைத்து எனக்கு இடம் பிடித்தாரோ, கேட்கவில்லை. அன்றைக்கு மூவரும் உன்னைப் பற்றித்தான் பேசினோம். ஆளுக்கொரு துண்டாக நீ சொல்லியிருந்ததைச் சேர்த்துப் பார்த்தபோதுதான், நீ எவ்வளவு மோசமாக இருக்கிறாய் என்று எங்களுக்குப் புரிந்தது. சித்தி எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

சனிக்கிழமைகளில் உன் வீட்டுக்கு வந்தோம். உன்னால் சாப்பிட முடியாத நாட்களில் எங்களுக்கும் சாப்பிட மனம் வராது. நீதான் அதட்டுவாய்: "சாப்பிடுங்க லா. நான் பார்த்துட்டு இருக்கேன்." கடைசியாக வந்த அன்று நீ அதிகம் பேசவில்லை. மேடம் டான் ஆபீஸ் கதை ஒன்றைச் சொல்ல, கண்ணைத் திறக்காமலே சிரித்தாய். உன்னை வழியனுப்ப மண்டாய் தகனச் சாலைக்கு நாங்கள் மூவரும் ஒரே டாக்சியில் வந்தோம். துணை முதல்வர் எங்களுக்கு முன்னாலேயே வந்து, வெளியே தனியாக நின்றிருந்தார்.

இந்த ஆண்டு என் நிறுவனம் என்னை ஆங் மோ கியோவில் வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டது. முதல் நாள் கவுண்டர், அலமாரி, கணினி எல்லாம் காட்டினார்கள். எங்கே சாப்பிடுவது என்று யாரும் காட்டவில்லை. இந்த நூலகத்திலும் பின்னறை இருக்கிறது. ஏசி கூட உண்டு.

பிள்ளைகள் வகுப்புக்குப் போனதும் கதவைச் சாத்தினேன். கீழே இறங்கி, வழியில் பார்த்தவரிடம் ஸ்டாஃப் ரூம் எங்கே என்று கேட்டேன். உள்ளே நாலைந்து பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்; என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. "நான் புது லைப்ரரியன். இங்கே உட்காரலாமா?" என்று கேட்டேன். இந்த ஊரில் இத்தனை வருஷத்தில், யாரும் அழைக்காமல் நானாகப் போய் ஒரு மேசையில் இடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். இன்னொருவர் என் பெயர் கேட்டார்.