மூன்று முறை பூட்டியிருந்த வீடு

உச்சிப்புளி,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் உமையாளுக்கு,

நானும் உன் அய்யாவும் சுகமாக இருக்கிறோம். புனேக் குளிரில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். போனில் சொன்னால் வேலைக்கு நடுவே உம் கொட்டிவிட்டு வைத்துவிடுவாய், இது நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம்.

பாம்பன் நாகஜோதியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே, தாயில்லாத ஒன்பது வயதுப் பிள்ளை, எட்டு மாதமாகக் குழந்தைகள் இல்லத்தில் இருந்தாள். நான் வளர்க்கிறேன் என்று சித்தி இருளம்மாள் மனுக் கொடுத்திருந்தாள். வீட்டைப் பார்த்து குழந்தைகள் நலக் குழுவுக்கு அறிக்கை எழுதுவது எங்கள் வேலை. மூன்று முறை போனோம், மூன்று முறையும் பூட்டியிருந்தது. சித்திக்கு அக்கறை இல்லை என்று எழுதிவிட்டோம். அந்த மூன்று வருகைக் குறிப்புகளில் இரண்டில் கையெழுத்து என்னுடையது. பிள்ளையை வெளி மாவட்டத்துக்கு அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்ததும் மனசு கேட்காமல் ஒருநாள் சாயங்காலம் தனியாகப் போனேன். வாசலில் இருளம்மாள் காய்ந்த கடற்பாசியை அள்ளிக்கொண்டிருந்தாள். பதினோரு மணிக்கு வந்தா நான் கழுத்தளவு தண்ணியில பாசி எடுத்துக்கிட்டு நிப்பேன், அங்கன வந்து கூப்பிட்டிருக்கலாம்ல தாயி என்றாள். உள்ளே பிள்ளைக்கு ஒரு பாவாடை தைத்து வைத்திருந்தாள். வளர்ந்திருப்பாள் என்று அவளாகவே கணக்குப் போட்டு இரண்டு முறை மடிப்பைப் பிரித்து நீளம் கூட்டியிருந்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது.

அறிக்கையைத் திருத்திக் கொடுத்தேன். அந்த வாரமே, வேலைமுறையில் எதை மாற்றலாம் என்று அலுவலகத்தில் எங்களைப் போன்ற களப்பணியாளர்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். எல்லோரும் ஆள் வேண்டும், வண்டி வேண்டும் என்றார்கள், அதுவும் நியாயம்தான். நான் என் தவற்றைச் சொல்லி, வீட்டுக்காரர் இருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போக விடுங்கள் என்றேன். கூட வேலை பார்க்கும் கீழக்கரை சூஃபியா, அக்கா இனிமே கடலுக்குள்ளயே ஆபீஸ் போட்ருவாக என்று கேலி செய்தாள். ஆனால் சம்மதித்துவிட்டார்கள், இந்த மாதத்திலிருந்து சாயங்காலமும் போகலாம்.

வெள்ளிக்கிழமை, பிள்ளையைச் சித்தியிடமே ஒப்படைக்க, இருளம்மாள் கரையேறி வரும்வரை, மாலை மூன்றரை மணி வரை நலக் குழுவினர் எழுந்திருக்காமல் காத்திருந்தார்கள். பாறை கிழித்த விரல்களில் துணி சுற்றியபடி அவள் வந்து நின்றதும் நாகஜோதி என் கையை உதறிவிட்டு ஓடினாள். சித்தியோடு பஸ் ஏறும்வரை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தச் சந்தோஷம் எனக்கு இன்னும் அடங்கவில்லை, அதைத்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

நீ நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனசோடும் இருக்க வேண்டும். கண் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப் போடாதே.

உன் அம்மா,
நாகலெட்சுமி