டாக்டர் பேசியதைக் கேளுங்கள்

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் உங்கள் தங்கையும் நலம். நலம் என்று எழுதிவிட்டுப் பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கப்பலில் புதிதாகச் சேரும் வெல்டரிடம் இந்தக் கடிதத்தோடு ஒரு மெமரி கார்டும் கொடுத்திருக்கிறேன். படித்து முடித்த பிறகு அதைக் கேளுங்கள்.

என் இடது மார்பில் ஒரு கட்டி. போன மாதம் டாக்டரிடம் போனேன். பத்து நிமிடம் பேசினார். "கட்டி" என்ற சொல்லுக்குப் பிறகு எனக்குக் காது அடைத்துவிட்டது. ஆயிரம் சட்டையில் ஒரு பொத்தான் ஆடினாலும் என் கண்ணுக்குத் தப்பாது, கம்பெனியில் எனக்குப் பெயரே பூதக்கண்ணாடிதான். ஆனால் டாக்டர் என்ன சொன்னார் என்று உங்கள் தங்கை கேட்டபோது பேந்தப் பேந்த விழித்தேன். ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தாராம். நானோ மயக்கம் வந்துவிடக் கூடாதே என்று மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போய் நின்றேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரம் வீணாயிற்று.

அதனால் ஸ்கேனும் சதைப் பரிசோதனையும் முடிந்து முடிவு கேட்கப் போனபோது கைபேசியில் ரெக்கார்டு போட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். கேட்காமல் செய்தது தப்புதான். பை சரிந்து, கைபேசி டாக்டரின் காலடியிலேயே போய் விழுந்தது. அவர் முகம் கறுத்துவிட்டது. "என்மேல கேஸ் போடப் போறீங்களா?" என்றார். முன்பு யாரோ அவர் பேச்சை வெட்டி ஒட்டி ஊரெல்லாம் பரப்பிவிட்டார்களாம். ரிப்போர்ட்டை மூடி வைத்துவிட்டார்.

எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. வாய் சும்மா இருக்கவில்லை. "கேஸ் போட இல்ல டாக்டர். நீங்க சொல்றது எதுவும் என் மண்டையில நிக்கல. வீட்டுக்காரர் கப்பல்ல இருக்கார். நான் சொன்னா பாதிய முழுங்கிடுவேன். உங்க வாயால கேட்டாத்தான் நம்புவார்" என்றேன்.

பக்கத்தில் நின்ற நர்ஸம்மா, "அன்னைக்கு ஸ்கேனுக்குச் சாப்பிட்டுட்டு வந்தவங்க இவங்கதான் டாக்டர்" என்று போட்டுக்கொடுத்தார். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முன்னாடியே கேட்டிருந்தாலும் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். என் தப்பும் இருக்கு" என்றார். கைபேசியை அவரே எடுத்து மேசை நடுவில் வைத்தார். முதல் முறை கம்ப்யூட்டரைப் பார்த்துப் பேசியவர், இந்த முறை என்னைப் பார்த்துப் பேசினார்.

புற்றுநோய்தான், அத்தான். ஆனால் சின்னது, வேறெங்கும் பரவவில்லை. பன்னிரண்டாம் தேதி ஆபரேஷன். "இந்த நிலையில வர்றவங்க பெரும்பாலும் நல்லாயிடுறாங்க" என்றார். பிறகு கைபேசிப் பக்கம் குனிந்து, உங்களுக்காக இன்னொரு தடவை சொன்னார்.

நேற்று ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது அவர் அறைக் கதவில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. "பேச்சைப் பதிவு செய்ய விரும்புவோர் முதலில் சொல்லவும்." எழுத்து நர்ஸம்மாவுடையது, கையெழுத்து டாக்டருடையது.

துணைக்கு உங்கள் தங்கை இருக்கிறாள். லீவு கேட்டு யாரிடமும் போய் நிற்க வேண்டாம். பத்தாம் தேதி உங்கள் கப்பல் கரை சேரும், அங்கிருந்து அன்று மாலையே இங்கே வர விமானம் இருக்கிறது என்று வெல்டர் சொன்னார். பேச்சுவாக்கில்தான் கேட்டேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். ஏணியில் பார்த்து இறங்குங்கள். இறங்குங்கள், அத்தான்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி