அம்மா குரலில் வந்த போன்

அன்புள்ள அப்பாவுக்கு,

முட்டிவலி தேவலையா? தைலம் தேய்த்துக்கொள்கிறீர்களா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் சொல்லாமல் கடிதம் எழுதுகிறேனே என்று பயந்துவிடாதீர்கள். இப்போது போனை நம்பவே முடியவில்லை.

ஆள் குரலை அப்படியே கம்ப்யூட்டரில் செய்து ஏமாற்றுகிறார்கள் என்று செய்தியில் சொல்கிறார்களே, அது எனக்கே நடந்தது. சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரிப் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"தம்பி, சாப்பிட்டியாப்பா?"

போன வருஷம் நாம் தகனம் செய்த அம்மாவின் குரல்!

"உன் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லு."

நான் சொல்லவில்லை. ஆனால் வைக்கவும் மனசு வரவில்லை. "இன்னும் சாப்பிடலம்மா" என்றேன். எங்கள் மேஸ்திரியிடம் சொன்னேன். நெட்டில் போட்ட தங்கை கல்யாண வீடியோவிலிருந்து குரலை எடுத்திருப்பார்கள் என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

நேற்று மத்தியானம் மறுபடியும் வந்தது. நம்பர் எதுவும் கேட்கவில்லை.

"இளைச்சுட்டியேடா. சட்டை தொளதொளன்னு தொங்குதே."

சுற்றிப் பார்த்தேன். மெஷின்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன.

யாராவது இங்கே வந்தால் இரண்டு சட்டை கொடுத்தனுப்புங்கள். பழைய அளவு வேண்டாம். அம்மா சொன்னது சரிதான்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. உங்களுக்கும் போன் வந்தால் நம்பர் எதுவும் சொல்லிவிடாதீர்கள். அம்மா என்ன பேசினாள் என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள் மகன்