உன் படத்தில் இல்லாத விமானம்

மாப்ள,

உன் கருமாதிப் பந்தியில் உட்காராமல் எழுந்து வந்துவிட்டேன். கோச்சடையில் உன் வீட்டுக் கூடத்தில், வார்னிஷ் வாடை இன்னும் போகாத சட்டத்துக்குள் உன்னை மாட்டி வைத்திருந்தார்கள். சந்தனம், குங்குமம், சம்பங்கி மாலை, எல்லாம் சரிதான். ஆனால் நீ லேசாகக் குனிந்து, நெஞ்சுக்குக் கீழே எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாய். அங்கே ஒன்றுமில்லை. பின்னால் நீலத் திரை ஒன்றை வரைந்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லாம், "என்னா அடக்கமான சிரிப்பு!" என்று கன்னத்தில் கை வைத்தார்கள்.

அந்தப் படத்தை எடுத்தவன் நான். நீ எதைப் பார்த்துச் சிரித்தாய் என்று எனக்குத் தெரியாதா?

உன் சித்தப்பாதான் எல்லாவற்றையும் முன்னின்று நடத்திக்கொண்டிருந்தார். "கையில இருந்த விமானம் எங்க?" என்று அவரிடமே கேட்டேன்.

"போய்ச் சேந்தவன் கையில வெளையாட்டுச் சாமான் எதுக்குப்பா? நாந்தேன் ஸ்டுடியோக்காரன்ட்ட எடுத்துரச் சொன்னேன்" என்றார், வெற்றிலையை மென்றபடி.

விளையாட்டுச் சாமானாம்! அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததைத்தான் தாங்க முடியவில்லை. வாசலில் கிடந்த செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். உன் மனைவி ஓடி வந்து, "அண்ணே, ஒரு வா சாப்டாமப் போறீகளே" என்று அழுதது. தங்கச்சியிடம் எனக்குக் கோபமில்லை.

உன் அப்பா விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவர். நம் நாட்டுக்கு முதன்முதலில் வந்த ஜெட்டான அந்த இரட்டை வால் வாம்பயர் விமானத்தைத் துடைத்து, எண்ணெய் போட்டு, வானத்துக்கு அனுப்பியவர். ஊர் திரும்பிய பிறகு ஒரே சங்கதியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். "எங்க விமானத்துல நீலச் சக்கரந்தேன் போட்டிருந்துச்சு. கொடியில இருக்குல்ல, அதே சக்கரம்." உன் சித்தப்பா வீட்டில் விமானப் படம் போட்ட காலண்டர் ஒன்று தொங்கியது. அந்த விமானத்தின் மேல் காவி, வெள்ளை, பச்சை என்று வட்டத்துக்குள் வட்டம். "காலண்டர்லயே இருக்கு பாருங்கப்பா. அண்ணன் அங்கிட்டு பாத்திரம் கழுவிட்டு வந்து இங்கிட்டு அளக்குறாரு" என்று கல்யாண வீடு, காதுகுத்து வீடு ஒன்று விடாமல் சொல்லிச் சிரித்தார். உன் அப்பா சாகும்வரை அந்த ஊருக்கு அளக்கிறவராகவே இருந்தார்.

சாட்சி இல்லாமலில்லை. அவர் அந்த விமானத்தின் பக்கத்தில் நின்று எடுத்த போட்டோ ஒன்று டிரங்குப் பெட்டியில் இருந்தது. யாரும் அதை நின்று நிதானமாகப் பார்த்ததில்லை. அவர் செத்ததும், வேறு படமில்லை என்று அதையே கோரிப்பாளையத்து ஸ்டுடியோவில் பெரிதாக்கக் கொடுத்தார்கள். ஸ்டுடியோக்காரன் உன் அப்பாவை மட்டும் கத்தரித்து எடுத்து, அட்டையில் ஒட்டி, பின்னால் ஒரு பூச்சாடியை வரைந்து அனுப்பிவிட்டான். நீ என்னையும் இழுத்துக்கொண்டு அங்கே போய் நின்று கத்தியது இன்றைக்கும் காதில் கேட்கிறது. "எங்கப்பா சொன்ன ஒரு வார்த்தைக்கு இருந்த ஒரே சாட்சிய்யா அது!"

"சாமி படத்துக்கு நெஞ்சு வரைக்குந்தேன் வேணும் தம்பி. மிச்சமெல்லாம் குப்பையில போயிருக்கும்" என்றான் ஸ்டுடியோக்காரன்.

அதன் பிறகுதான் நீ கல்யாண முருங்கைக் கட்டையைச் செதுக்க ஆரம்பித்தாய். இறக்கை, இரட்டை வால், காற்று இழுக்கிற துளை, எல்லாம் அளவுப்படி. ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற வெள்ளிப் பெயிண்டும் அடித்தாய். வாலில் வரவேண்டிய விமானப்படைச் சின்னத்தை மட்டும் வரையவில்லை. "சக்கரத்த வரைஞ்சு முடிச்சிற வேண்டியதுதானடா" என்று நான் சொன்னதற்கு, "அப்பா சொன்னாருன்னு வரைஞ்சா இதுவும் அளப்புன்னுதேன் சொல்லுவாய்ங்க மாப்ள. கண்ணால பாத்துட்டுத்தேன் வரைவேன்" என்றாய். நூலகம் நூலகமாக அலைந்தோம். எல்லாப் புத்தகத்திலும் மூன்று வண்ண வட்டம். சோழவந்தானில் இருந்த ஒரு பழைய விமானப்படைக்காரரைத் தேடிப் போனோம். அவர் சின்னம் மாறிய பின்னால் சேர்ந்தவர்; அவருக்கும் வட்டம்தான் தெரியும். சித்தப்பா நம்மைக் கண்டாலே, "என்னப்பா, சக்கரம் கெடச்சுச்சா?" என்பார்.

ஓர் ஆடி அமாவாசைக்கு உன் அப்பா படத்தைத் துடைக்க எடுத்தபோது பின் அட்டை பூச்சி அரித்துப் போயிருந்தது. அட்டையை மாற்ற நீ ஆணியைப் பிடுங்கினாய். "படையல் நேரத்துல அவரப் பிரிச்சுப் போடாதடா" என்று உன் அம்மா, அத்தை, சத்தம் போட்டார்கள். கண்ணாடி ஆடாமலிருக்க மூலையில் ஏதோ காகிதத்தை மடித்துச் செருகியிருந்தான் ஸ்டுடியோக்காரன். பிரித்தால், நாம் தேடிய மிச்சம்! ஆள் வடிவத்தில் ஓட்டை. அதை ஒட்டி வெள்ளி வால். வாலில் ஒரு வெள்ளை வட்டம். அதற்குள் ஆரம் ஆரமாகச் சக்கரம். நீ கையை உதறிக்கொண்டு கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாய். அத்தை அதை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்கள். "நானுங்கூட நம்பலையேடா" என்றார்கள்.

சட்டைப் பொத்தான் அகலத்தில் அந்தச் சக்கரத்தை நீ வரைந்து முடித்த அன்றுதான், இரவல் கேமராவில் உன்னை எடுத்தேன். விமானத்தை இரு கையாலும் நெஞ்சுக்குக் கீழே ஏந்தி, "சக்கரம் தெரியுதான்னு பாத்துட்டு அமுக்கு மாப்ள" என்று குனிந்து பார்த்துச் சிரித்தாய். சித்தப்பாவிடம் போட்டோத் துண்டையும் விமானத்தையும் கொண்டுபோய்க் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ம்" என்றார். காபி கொண்டுவரச் சொன்னார். அவ்வளவுதான். செத்த அண்ணனைப் பற்றி ஒரு சொல் வரவில்லை அந்த மனிதர் வாயிலிருந்து.

கல்யாண முருங்கைக் கட்டை எத்தனை நாளைக்கு? சில வருஷத்தில் உளுத்து மாவாகிவிட்டது. அந்தப் போட்டோத் துண்டு, அத்தை இறந்தபோது அவர்கள் கேட்டுக்கொண்டபடி அவர்களோடு போனது. நான் எடுத்த படத்தின் நெகட்டிவும் எப்போதோ தொலைந்தது. மிஞ்சியது உன் வீட்டில் இருந்த அந்த ஒரு பிரதிதான். அதைத்தான் உன் சித்தப்பா அதே ஸ்டுடியோவுக்கு அனுப்பி, அதே வேலையைச் செய்ய வைத்திருக்கிறார். அப்பனை வெட்டியது தெரியாமல் நடந்தது. உன்னை வெட்டியது தெரிந்தே நடந்தது. இதை நான் மன்னிக்கப்போவதில்லை.

கருமாதி வீட்டிலிருந்து நேரே கோரிப்பாளையம் போனேன். கடையில் இப்போது அந்த ஸ்டுடியோக்காரனின் மகன் இருக்கிறான். நான் போட்ட சத்தத்தில் டீக்கடைக்காரர்கள் வரை எட்டிப் பார்த்தார்கள். பையன் பதறிப்போய், வெட்டுத் துண்டுகள் போட்டு வைத்த அட்டைப் பெட்டியை என் முன்னால் கவிழ்த்தான். தரையில் உட்கார்ந்து தேடினேன். கிடைத்தது.

உன் முகம் உன் வீட்டுச் சுவரில் இருக்கிறது. உன் கைகள் இரண்டும், அவை ஏந்திய விமானமும் என் சட்டைப் பையில் இருக்கின்றன. உன் கட்டைவிரல் வாலுக்குச் சற்றுத் தள்ளியே பிடித்திருக்கிறது, சின்னத்தை மறைத்துவிடாமல்.

சக்கரம் தெரியுது மாப்ள.