சின்ன அறை ஏன் குளிர்ந்தது

வீட்டுக்குள்ளும் கம்பளித் தொப்பியோடு இருந்த என் அப்பாவுக்கு,

உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் நான் ஒரு பக்கம் எழுதினேன். வாசித்திருந்தால் சிரித்திருப்பீர்கள். பண்பின் சிகரம், பாசத்தின் இருப்பிடம் என்றெல்லாம் எழுதி அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு அழுதேன். அந்தப் பக்கத்தில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் எழுதியிருக்க வேண்டிய ஒன்று அதில் இல்லை. அப்போது அது என் நினைவில்கூட இருக்கவில்லை.

வீட்டு விஷயத்தை வெளியில் பேசும் பழக்கம் எனக்கு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். இருந்தும் உங்கள் முதலாம் ஆண்டு ஆட்டைத் திவசத்துக்கு வருபவர்களும் வாசிக்கட்டும் என்றே இதை எல்லோர் முன்னாலும் எழுதுகிறேன். நினைவு மலரை அவர்கள்தானே வாசித்தார்கள்.

விஷயம் உங்கள் அறைச் சுவரில், குழாயில் வரும் சுடுதண்ணீரால் சூடேறும் ஹீற்றர்.

நீங்கள் போன பிறகு அம்மா உங்கள் சின்ன அறைக்கு மாறிவிட்டார். நான் காரணம் கேட்கவில்லை. ஒக்டோபர் முடிந்து குளிர் பிடித்ததும், ஒரு காலை சால்வையைப் போர்த்தபடி, நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்த குசினிக்கு வந்தார்.

"உன்ரை கொப்பர் போகேக்கை தன்ரை குளிரை எனக்கு விட்டிட்டுப் போட்டார் போல."

பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் கண் கலங்கியிருந்தது. அந்த அறை குளிர்வதையும் நீங்கள் இல்லாததன் ஒரு பகுதி என்றே அவர் எடுத்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

நான் உடனே எழுந்துபோய் ஹீற்றரைத் தொட்டுப் பார்த்தேன். அம்மா ஒரு தரம் சொன்னவுடன் எழுந்து போன நான், நீங்கள் சொன்னபோதெல்லாம் ஏன் எழும்பவில்லை?

ஹீற்றர் பச்சைத் தண்ணீர் போலக் குளிர்ந்து கிடந்தது. சூட்டைக் கூட்டிக் குறைக்கத் திருகும் தலை ஐந்தில் நின்றது. அதற்கு மேல் இலக்கம் இல்லை. உள்ளே காற்று அடைத்திருக்கும் என்று நினைத்து, பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகைச் சாவியால் திறந்தேன். காற்று வரவில்லை. கறுத்த தண்ணீர்தான் வந்து என் கையை நனைத்தது. பிறகு குனிந்து, கீழிருந்து வரும் குழாயைப் பிடித்தேன். சுட்டது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன். வால்வு வரைக்கும் சூடு வருகிறது. வால்வைத் தாண்டிப் போகவில்லை.

அப்படியே தரையில் இருந்துவிட்டேன். ஏனென்றால் இதையே நீங்கள் மூன்று மாரிகளுக்கு முன், அந்தக் குளிர்காலத்தில் சொல்லியிருந்தீர்கள்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. எங்கள் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ்மைஸ்டர் உங்கள் அறை வாசலில் நின்றார். நீங்கள் அதிகாலை மூன்றரைக்கே பேக்கரிக்குப் போய், மத்தியானம் வந்து படுத்தெழும்பியிருந்தீர்கள். காதை மூடிய தொப்பி, ஜாக்கெட், கீழே இடுப்பில் கட்டிய சாரம், சாரத்துக்குள் தடித்த காலுறை. அவர் உங்களை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். உதட்டில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குள் நான் அகப்பட்டுவிடக் கூடாது என்பது மட்டும்தான் அப்போது என் எண்ணமாக இருந்தது.

"பிள்ளை, அவரிட்டைச் சொல்லு. கீழை வாற குழாய் சுடுது, ஹீற்றர் சுடேல்லை. உள்ளுக்கை ஏதோ இறுகிப்போய் நிக்குது. பேக்கரியிலை நீராவிக் குழாய்க்கும் ஒருக்கா இப்பிடித்தான் வந்தது" என்றீர்கள்.

உங்களுக்கு ஜெர்மன் பேச வராது, ஆனால் குழாய்க்கும் வால்வுக்கும் இறுகுவதற்கும் எனக்கு ஜெர்மன் சொல் தெரியும். தெரியாமல் விட்டேன் என்று சொல்ல வழியில்லை. நான் அவரிடம் சொன்னது இவ்வளவுதான்: "அப்பாவுக்குக் குளிர்கிறதாம். சூடான நாட்டிலிருந்து வந்தவர் அல்லவா?"

அவர் சத்தமாகச் சிரித்தார். நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். அவர் ஹீற்றரின் தலையை ஐந்துக்குத் திருப்பிவிட்டு, கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்க்கச் சொன்னார்.

"என்னவாம்?"

"பொறுத்துப் பாக்கட்டாம். சரிவருமாம்."

"குழாய் சுடுறதைச் சொன்னனியோ?"

"ஓமப்பா, சொன்னனான்."

நீங்கள் தலையாட்டினீர்கள். வேலை தெரிந்த மனிதர் கேட்டுவிட்டு ஒன்றும் இல்லை என்கிறார், அப்படியென்றால் ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொண்டீர்கள். அம்மா பொரித்து வைத்திருந்த ரோல்ஸில் நான்கைப் பொதி பண்ணி அவர் கையில் கொடுத்து அனுப்பினீர்கள்.

அதன் பிறகு நீங்கள் அதிகம் முறையிடவில்லை. எப்போதாவது "குளிருது" என்றால் அம்மா விடமாட்டார். "விடிய விடிய பேக்கரிப் போறணை நெருப்புக்குப் பக்கத்திலை நிண்டிட்டு வாற ஆளுக்கு எந்த அறையும் குளிரும்தான். போய் போறணைக்குள்ளை படுங்கோ!" நாங்கள் மூவரும் சிரிப்போம். உங்களுக்குக் குளிர்ந்தது குளிரால் மட்டுமல்ல அப்பா, என்னை நம்பியதாலும்தான். உங்கள் உயிரை எடுத்தது இருதயம், குளிர் இல்லை என்று வைத்தியர் தெளிவாகச் சொன்னார். அதை நான் ஆறுதலாக எடுத்துக்கொள்ள முயன்றேன். முடியவில்லை.

மொழிபெயர்த்த நாவல்களை வாசிக்கும்போது மூலத்தில் உள்ள ஒரு வரி விடுபட்டிருந்தால் எனக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தைப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியும் வைப்பேன்.

சரி, மிச்சத்தையும் சொல்கிறேன். குசினி ஹீற்றரின் தலையைக் கழற்றி உங்கள் அறையில் பூட்டிப் பார்த்தேன். அப்போதும் சூடேறவில்லை. ஆகவே பழுது தலையில் இல்லை, அதற்குப் பின்னால். தலை இருந்த இடத்தில் ஒரு சின்ன உலோக ஊசி இருக்கிறது. அழுத்தினால் உள்ளே போகும், விட்டால் வெளியே வரும். வெளியே வந்தால்தான் தண்ணீருக்கு வழி. உங்கள் அறை ஊசி உள்ளே போனபடியே இறுகிக் கிடந்தது. ஹீற்றரைக் கோடை முழுவதும் பூட்டி வைத்தால் அப்படி ஆகுமாம். ஒவ்வொரு கோடையும் வீட்டில் எல்லா ஹீற்றரையும் கடைசிவரை திருகிப் பூட்டுகிறவள் நான்தான்.

அம்மாவின் தையல் மெசினுக்கு விடும் எண்ணெயில் ஒரு சொட்டு விட்டு, அகப்பைக் காம்பால் மெல்லத் தட்டினேன். ஊசி கொஞ்சம் வெளியே வந்தது. உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. ஆனால் அடுத்த நாளே திரும்பவும் இறுகிவிட்டது. உள்பாகத்தையே மாற்ற வேண்டும், அது வாடகைக்கு இருப்பவர் செய்யும் வேலை இல்லை. ஹவுஸ்மைஸ்டருக்கு அறிவித்தேன்.

அதே மனிதர்தான் வந்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"சூடான நாட்டுக்காரர் எங்கே? எனக்கு அந்த மொறுமொறு உருளை தந்தாரே!"

நான் உங்களுக்கு வைத்த பெயர், அப்பா. மூன்று வருடமாக அந்த மனிதரின் நினைவில் நீங்கள் அந்தப் பெயரோடுதான் இருந்திருக்கிறீர்கள்.

"சித்திரையில் இறந்துவிட்டார்" என்றேன்.

கருவியைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்து அனுதாபம் சொன்னார். பிறகு ஹீற்றர் பக்கம் குனிந்தபடி கேட்டார்: "எவ்வளவு காலமாக இது சூடாகவில்லை?"

இந்த மாரியிலிருந்து என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. அம்மா கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அவ்வளவு ஜெர்மன் விளங்காது.

"நீங்கள் அன்றைக்கு வருவதற்கு முன்பிருந்தே" என்றேன். "குழாய் சுடுகிறது, ஹீற்றர் சுடவில்லை, உள்ளே ஏதோ இறுகியிருக்கிறது என்று அப்பா அன்றைக்கே சொன்னார். நான்தான் அதை உங்களிடம் சொல்லவில்லை."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "சொல்லியிருந்தால் அன்றைக்கே பத்து நிமிட வேலை" என்றார். குற்றம் சாட்டும் குரல் இல்லை, கணக்கான ஒரு பதில். பிறகு, "குழாய் வேலை தெரிந்தவரோ?" என்றார்.

"இல்லை. பேக்கரியில் வேலை செய்தவர்."

"ஆள் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்."

பழைய உள்பாகத்தைக் கழற்றிப் புதியதைப் பூட்ட, உண்மையாகவே பத்து நிமிடம்தான் எடுத்தது. என் விரல் அளவுகூட இல்லாத பித்தளைத் துண்டு.

"என்ன பிள்ளை, அவ்வளவு நேரம் கதைச்சியள்? என்னவாம்?" என்று அம்மா கேட்டார்.

சரிவந்திட்டுதாம் என்று சொல்ல வாய் உன்னியது. பிறகு கட்டிலில் அவருக்குப் பக்கத்தில் இருந்து, அன்று நீங்கள் சொன்னதையும், நான் சொன்னதையும், நான் சிரித்ததையும் ஒன்றும் விடாமல் சொன்னேன்.

அம்மா ஹீற்றர் பக்கம் திரும்பினார். "அப்ப அந்த மனுசன் சும்மா சொல்லேல்லை" என்றார். "நான் போறணைக்குள்ளை போய்ப் படுக்கச் சொன்னனான்."

"அம்மா, என்னை..."

"என்னட்டை மன்னிப்புக் கேக்காதை. அவருக்குக் குளிர்ந்ததை நான் எப்பிடி மன்னிக்கிறது? நானும் ஒருக்கால் குனிஞ்சு தொட்டுப் பாத்திருக்கலாம்தானே."

இப்போது சின்ன அறைதான் வீட்டிலேயே சூடான அறை. மூன்றில் வைத்தாலே போதும். அம்மா போர்வையை உதைத்துவிட்டு நித்திரை கொள்கிறார். அந்த வாசலைக் கடக்கும்போது முகத்தில் அடிக்கும் சூட்டை இன்னும் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தச் சூடு உங்களுக்கும் கிடைத்திருக்கும், நான் இரண்டு வசனம் பேசியிருந்தால்.

வியாழக்கிழமை அம்மாவுக்கு முழங்கால் வைத்தியரிடம் நேரம் குறித்த டெர்மின் இருக்கிறது. அம்மா எப்படிச் சொல்லுவார் என்று உங்களுக்குத் தெரியும். ட்ராமில் இறங்கும்போது நொந்ததில் தொடங்கி, மூன்றாம் மாடிப் படிகள், கீழ்வீட்டு மனுசி சொன்ன தைலம் என்று போகும். வைத்தியர் மணிக்கூட்டைப் பார்ப்பார். என் முகம் சூடாகும். ஆனாலும் நான் ஒரு சொல்லும் குறைக்காமல் அதை ஜெர்மனில் சொல்வேன், அப்பா. சொல் தெரியாவிட்டால் தெரியாது என்பேன். அவர்கள் சிரித்தால் அம்மாவின் பக்கத்தில் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்களுக்காகப் பேச வந்தும் பேசாமல் விட்ட,
உங்கள் ஒரே மகள்