குரல் தெளிவாகக் கேட்கிறது

எழுவைதீவில் இருக்கும் என் அம்மாவுக்கு, கொழும்பிலிருந்து உங்கள் ஜெனீற்றா வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் நோ குறைந்ததா? இந்தக் காற்றிலும் அப்பா கடலுக்குப் போகிறாரா? நான் சுகமாக இருக்கிறேன்.

நான் வேலை செய்யும் கைபேசிக் கடையில் சின்னதாக ஒன்று நடந்தது. போனில் சொன்னால் அழுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். ஆக மலிவான வயர் இயர்போன் ஒன்று விற்பனைக்கு வந்தது. அதைக் காதில் போட்டுப் பார்த்து, கடையின் விளம்பர வீடியோவில் பேசும்படி முதலாளி சொன்னார்.

“இதைப்போல ஒண்டு உலகத்திலயே இல்லை எண்டு சொல்லும், பிள்ளை.”

“ஏலாது அண்ணை. ஆக்கள் கதைக்கிறது தெளிவாக் கேக்குது. ஆனா பாட்டில மேளம் தகரத்தில தட்டினமாதிரி இருக்கு. நடக்கேக்க வயர் சட்டையில உரஞ்சி இரையுது. அப்பிடித்தான் சொல்லுவன்.”

“அப்ப ஆர் வாங்குவினம்?”

“கதைக்க வேணுமெண்ட ஆக்கள் வாங்குவினம்.”

அன்றே என்னைப் பின்னறையில் பெட்டி அடுக்க விட்டுவிட்டார். மன்னிப்புக் கேட்டால் மறுபடி முன்னுக்கு வரலாமாம். நான் கேட்கமாட்டேன், அம்மா. வாங்குகிறவர்களின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்வதைவிடப் பெட்டி அடுக்கலாம். அங்கே மின்விசிறியும் இருக்கிறது. கதைக்கத்தான் ஆளில்லை.

அந்த இயர்போனில் ஒன்றை நானே வாங்கிவிட்டேன். உங்கள் குரல்பதிவுகளைக் கேட்க அது போதும்.

ஊருக்கு வரும் றெக்ஷன் அண்ணையிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன். அவர் திரும்பும்போது கூழ் காய்ச்சக் கொஞ்சம் ஒடியல்மா கொடுத்துவிடுங்கள். குரல்பதிவு அனுப்பும்போது கதைத்து முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். குசினியில் சமைத்தபடி பதிவைக் கொஞ்சநேரம் ஓடவிடுங்கள். றெக்ஷன் அண்ணை பஸ்ஸுக்கு அவசரப்படுகிறார். முதலாளியிடம் மன்னிப்புக் கேள் என்று மட்டும் குரல்பதிவில் சொல்லாதீர்கள்.

உங்கள் மகள்,
ஜெனீற்றா